பூட்டிய பெட்டிக்குள் ஐந்து கடிதங்கள்

மையத்திலிருந்து இளையவர்கள் இரண்டு பேர் போன வாரம் செல்லூரில் என் வீட்டைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தார்கள். சந்துக்குள் சந்து நுழைந்து வந்த களைப்பில் முதலில் தண்ணீர் கேட்டார்கள். பிறகு கட்டுரை கேட்டார்கள். மையத்தில் புது முறை வருகிறதாம். யார் உள்ளே நுழையலாம், எதைத் தொடலாம், எப்போது வெளியேற வேண்டும் என்பதையெல்லாம் இனி இயந்திரமே தீர்மானிக்குமாம். மனிதக் கை படவே படாதாம். அதைக் கொண்டாட ஒரு மலர் போடுகிறார்கள். பழைய முறையை உருவாக்கியவன் என்ற வகையில் நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும். "கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க சார்" என்றார் ஒருவர். நாலு பக்கத்துக்கு வாக்குக் கொடுத்தேன். மற்றதற்குக் கொடுக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் மையம். தனியாக ஒரு கல்லூரி வாங்க முடியாத கருவிகளைப் பொதுவில் வாங்கி வைத்து, சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் பங்குபோட்டுப் பயன்படுத்தும் இடம். பெரிய நுண்ணோக்கி உண்டு, பெரிய கணினி உண்டு, எல்லோருடைய தரவையும் சேர்த்து வைக்கும் ஒரு பொதுச் சேமிப்பு உண்டு. அங்கே எனக்கு வேலை, யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பார்த்துக்கொள்வது. வெளிப்படையாகச் சொன்னால் வாட்ச்மேன். ஆனால் பதவியின் பெயர் அடையாள மற்றும் அணுகல் மேலாண்மைப் பொறுப்பாளர். விசிட்டிங் கார்டில் அதுவே இரண்டு வரி பிடித்தது. வாசலில் இருந்த உண்மையான வாட்ச்மேன் என்னைவிடக் கூடுதலாக ஆட்களை அடையாளம் தெரிந்து வைத்திருந்தார். அவருக்குக் கார்டு கிடையாது.

நான் படித்த கதை சுருக்கமானது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. பிறகு மூன்று வருடம் செல்லூரில், விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்த கதவில், கம்ப்யூட்டர் ரிப்பேர். அங்கே இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். எல்லா இயந்திரத்துக்கும் பஞ்சுத் தூசிதான் எமன். இரண்டாவது, தறி ஓடும் இடத்தில் "டீ வேணுமா" என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அந்தத் தொண்டை அப்படியே நிலைத்துவிட்டது. அது பின்னால் எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

நான் சேர்ந்தபோது மையத்தில் மொத்தமே ஒரு லாகின்தான். எல்லோருக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. அது சுவரில் தொங்கிய மாதக் காலண்டரின் பின்பக்கம் பென்சிலில் எழுதப்பட்டிருந்தது. ஒரு ஜனவரியில் யாரோ பழைய காலண்டரைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட எடுத்துப் போய்விட்டார். ஒரு வாரம் மையத்தில் ஆராய்ச்சி நின்றது. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் அட்டையிலிருந்து நாங்கள் அறிவியலை மீட்டோம்.

இதைப் பார்த்துச் சிரித்த ஆள் நான். என்னைவிடப் பெரிய கேலிக்குரியவன் அந்தக் கட்டடத்தில் இல்லை என்பது தெரியப் பல வருடம் ஆனது.

எங்கள் இயக்குநர் தர்மலிங்கம் சார் கீபோர்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எதுவாக இருந்தாலும் அவருக்குத் தாளில் எழுதி நோட் போட வேண்டும். குடிநீர்க் குழாய் ஒழுகுகிறது என்றாலும் நோட், அணுக்கருக் காந்தக் கருவி வாங்க வேண்டும் என்றாலும் நோட். அதை ஒருநாள் மேசையில் வைத்திருப்பார். மறுநாள் திரும்பி வரும்போது அதில் ஏதாவது ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடு இருக்கும். ஒரே ஒரு சொல். ஏன் என்று சொல்ல மாட்டார். கேட்டால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "படிச்சுப் பாருங்க" என்பார். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதற்காகவே அலுவலகத்தில் ஒரு கூட்டம் டீ குடித்தது.

அவருடைய ஃபோன் அவரிடம் இருக்காது. அலுவலக உதவியாளர் பாண்டியம்மாவின் மேசையில் இருக்கும். முக்கியமான எந்த அனுமதிக்கும் இயக்குநரின் ஃபோனுக்கு ஓடிபி வரும். அது வந்ததும் பாண்டியம்மா ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்து, "அண்ணே, நாலு, ஏழு, ரெண்டு சைபர்" என்று கூவுவார். முற்றத்தில் நிற்கும் மாணவர்கள், தோட்டக்காரர், தபால்காரர் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் மாடியில் அதை அடிப்பேன். உலகமே இரண்டு அடுக்குப் பாதுகாப்பு என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் எங்களுடைய இரண்டாவது அடுக்கு பாண்டியம்மா.

இதையெல்லாம் ஒழிக்க நான் ஒரு திட்டம் தீட்டினேன். பதினொரு பக்கம். எழுதும்போது என்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஒவ்வொருவருக்கும் தனி லாகின். மாணவரின் லாகின், வழிகாட்டிப் பேராசிரியரின் லாகினுக்குக் கீழே தொங்கும். பேராசிரியர் மையத்தை விட்டுப் போனால் அவருக்குக் கீழே உள்ளவை எல்லாம் தாமாக மூடிக்கொள்ளும். உரியவருக்கு முப்பது நாளில் ஐந்து எச்சரிக்கை மின்னஞ்சல் போகும். முப்பத்தோராம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தரவு அழியத் தொடங்கும். சும்மா அழிவது இல்லை. யாராலும் மீட்க முடியாதபடி ஒவ்வொரு கோப்பின் மேலும் ஏழு முறை எழுதி அழிக்கும். ஏழு எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மூன்று போதும். ஏழு கம்பீரமாக இருந்தது.

ஓட்டத்தை இடையில் நிறுத்த என்னாலும் முடியாது. நானே தவறு செய்தால் என்ன ஆவது என்று யோசித்து, நிறுத்தும் அதிகாரத்தை இயக்குநரிடம் வைத்தேன். அதுவும் சர்வர் அறையில் உள்ள என் கணினி வழியாகத்தான். நோட்டின் கடைசி வரி: "நிறுத்தும் அனுமதி இயக்குநருக்கு மட்டும்."

மறுநாள் நோட் திரும்பி வந்தது. "மட்டும்" என்ற சொல்லின் கீழே கோடு. சாருக்கு அந்த வரி பிடித்துவிட்டது என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மாதமே சுற்றறிக்கை விட்டேன். இயக்குநரின் ஃபோன் இனி இயக்குநரிடமே இருக்க வேண்டும், ஓடிபியை உரக்கச் சொல்லக் கூடாது, இருக்கையை விட்டு எழுந்தால் திரையைப் பூட்ட வேண்டும். பாண்டியம்மா அதைப் படித்துவிட்டு, "அப்ப சார் இல்லாதப்ப அவசரம்னா என்னண்ணே செய்யுறது?" என்று கேட்டார். அப்படி ஒரு அவசரம் வராதபடிதான் முறையை அமைத்திருக்கிறேன் என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அந்த வருடம் ஒரு பேராசிரியர் வடக்கே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவருக்குக் கீழே இருந்த லாகின்கள் மூடிக்கொண்டன. முப்பது நாள் ஓடியது. ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. என் முறை இம்புட்டு ஒழுங்காக வேலை செய்கிறதே என்று பூரித்துப்போனேன்.

முப்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு அந்தப் பேராசிரியரின் மாணவி விருமாயி வந்தார். உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊர். பெற்றோர் முன்பு பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் மானாவாரி. அந்த வீட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்த முதல் ஆள். மானாவாரி மண் எவ்வளவு ஈரத்தை எவ்வளவு நாள் பிடித்து வைக்கிறது என்று மூன்று வருடமாக அளந்துகொண்டிருந்தார். வயல்களில் கருவிகளைப் புதைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு. தினமும் பயிரின் படம். எல்லாம் எங்கள் பொதுச் சேமிப்பில். மற்ற சோதனை என்றால் மறுபடி செய்யலாம். பெய்துபோன மழையை மறுபடி பெய்யச் சொல்ல முடியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவருக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

லாகின் திறக்கவில்லை என்றார். இரண்டு மாதமாக வயல்காட்டிலேயே இருந்ததாகவும் சொன்னார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஐந்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம், படிப்பதில்லையா, ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பொறுப்பு வேண்டாமா என்று கொஞ்சம் நீளமாகவே பேசினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு அமைதியாகக் கேட்டார்:

"எந்த மெயிலுக்கு அனுப்புனீங்கண்ணே? மையத்து மெயிலுக்கா?"

"பின்ன?"

"லாகினை மூடுனா மெயிலும் சேந்துதானண்ணே மூடிருச்சு. அதைத் தொறக்கத்தான் ஒரு மாசமா பாக்குறேன். புகாரும் அந்த மெயில்ல இருந்துதான் அனுப்பணும்னு போட்டிருக்கீங்க."

வீட்டைப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே இருப்பவருக்கு என்று கதவிடுக்கில் ஐந்து கடிதம் போட்டிருக்கிறேன். உள்ளே யாரும் இல்லை. பதினொரு பக்கத்தில் நான் யோசிக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

அழிப்பு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அடுத்து நான் செய்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. சர்வர் அறைக்கு ஓடி, முதல் வேலையாக மானிட்டரை அணைத்தேன். பார்க்காமல் இருந்தால் அழிவது நின்றுவிடும் என்று என் மூளையின் ஒரு பகுதி உண்மையாகவே நம்பியது. பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன். விருமாயியின் கோப்புறை வரிசையில் நடுவில் இருந்தது. ஏழு முறை எழுதி அழிப்பதால் வேலை ஆமைபோல நகர்ந்தது. பதினொன்றரை வாக்கில் அவருடையதைத் தொடும், மதியம் ஒரு மணிக்குள் முழுசாக முடித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என் ஆணவம்தான் எங்களுக்கு அந்த அவகாசத்தைக் கொடுத்தது.

பின்னாலேயே வந்த பாண்டியம்மா, "கரண்டைப் புடுங்கிவிட்டா என்னண்ணே?" என்றார். அதே சர்வரில்தான் அந்த நேரத்தில் அத்தனை கல்லூரிகளின் வேலையும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பிடுங்கினால் ஒருவருக்குப் பதில் எல்லோருக்கும் சேர்த்து அழ வேண்டியிருக்கும். நிறுத்த வேண்டியவர் இயக்குநர் மட்டும். "மட்டும்" என்ற சொல்லின் கீழே ஓடிய பென்சில் கோடு அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

சார் டி. கல்லுப்பட்டியில் தங்கை மகள் கல்யாணத்தில் இருந்தார். ஒன்பது முறை அடித்தேன், எடுக்கவில்லை. மையத்தில் பாதிப் பேர் வேன் பிடித்து அங்கேதான் போயிருந்தார்கள். மேளச் சத்தத்தில் அவர்களும் எடுக்கவில்லை. "ஃபோன் எங்கிட்ட இருந்திருந்தா இந்நேரம் சொல்லி முடிச்சிருப்பேன்" என்றார் பாண்டியம்மா. குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் அதிகம் குத்தியது.

வண்டியை எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்துகொண்டு வேறு ஆளை அனுப்பியிருக்க வேண்டும் என்பது படிக்கிற உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் திருமங்கலம் தாண்டிய பிறகு தெரிந்தது. மண்டபத்து வாசலில் இறங்கியபோது வரவேற்பில் நின்றவர்கள் என் காலையே பார்த்தார்கள். சர்வர் அறைக்குள் தூசி போகாமலிருக்கக் காலில் மாட்டும் நீலப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வந்திருக்கிறேன். சந்தனத்தை நீட்டிய பெண் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தர்மலிங்கம் சார் பந்தியில் இருந்தார். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, பை எதுவும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், கை எச்சில் என்பதால் துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார். ஃபோன் அவர் மனைவியின் கைப்பையில் இருந்தது. மனைவி மணப்பெண் அறையில்.

அந்த அறை வாசலில் ஒரு பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருப்பா நீ? மாப்ள வீடா, பொண்ணு வீடா?"

"ரெண்டும் இல்லங்க. ஆபீஸ்."

"ஆபீஸ்காரனுக்கு இங்க என்ன சோலி?"

"சாரோட ஃபோன் வேணும்."

"யாரு கேக்கச் சொன்னா? எம்புட்டு நேரத்துக்கு?"

யார், எதற்கு, யார் சொல்லி, எவ்வளவு நேரத்துக்கு. என் பதினொரு பக்கத்தில் சொல்ல வந்ததை அந்தப் பெரியம்மா நாற்காலியை விட்டு எழாமல் செய்து முடித்தார். கடைசியில் அவரே உள்ளே போய்க் கைப்பையைக் கொண்டுவந்தார். ஆனால் திறக்கவில்லை. "அடுத்தவ பைய நான் தொறக்க மாட்டேன். அவ வரட்டும்" என்று மடியில் வைத்துக்கொண்டார். உரியவர் வந்தார், பை திறந்தது. சாருடைய ஃபோனை எடுத்துக்கொண்டு பந்திக்கு ஓடி, என் ஃபோனில் பாண்டியம்மாவைக் கூப்பிட்டேன்.

அங்கே சர்வர் அறையில் என் கணினி முன்னால் விருமாயி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாண்டியம்மா ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இயக்குநரின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஓடிபி மட்டும்தான் வேண்டும். அந்த நேரத்தில் பாண்டியம்மா சொன்னார்:

"அண்ணே, திரை பூட்டிக் கெடக்கு."

நான்தான் பூட்டியிருக்கிறேன். உயிர் போகிற அவசரத்தில் ஓடியவன், எழுந்தால் பூட்டு என்ற என் சுற்றறிக்கையை மட்டும் மறக்கவில்லை.

"ஒங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பெண்ணின் மூன்று வருட உழைப்பு அழிந்துகொண்டிருக்கிறது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறேன். பிறந்த தேதி வைக்காதே, பெயர் வைக்காதே, யாரும் ஊகிக்க முடியாததாக வை என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவன். என் பாஸ்வேர்டு, இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்தில், "நான்தான் ராஜா", கடைசியில் ஒரு ஒன்று.

மெதுவாகச் சொன்னேன். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்றார். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை. தறிக்கூடத்தில் வளர்ந்த அந்தத் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் ராஜா! நான்தான் ராஜா! கடைசில ஒண்ணு!"

பந்தி முழுக்கத் திரும்பியது. ரசவாளியோடு நின்றவர் ஊற்றாமல் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் எழுந்து, யாரய்யா இது, எந்த வீட்டு ஆளு என்று கேட்டது காதில் விழுந்தது. திரை திறந்தது. பாண்டியம்மா இயக்குநரின் பாஸ்வேர்டைச் சொல்ல, விருமாயி அடிக்க, சாருடைய ஃபோனில் ஓடிபி வந்து விழுந்தது. அதையும் கத்தினேன். என் சுற்றறிக்கையில் மீறாத விதி ஒன்றுகூட மிச்சமில்லை. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

"நின்னுருச்சு" என்றார் பாண்டியம்மா.

தர்மலிங்கம் சார் மோருக்குக் கையைக் குவித்துக்கொண்டே, "உக்காந்து சாப்புட்டுப் போங்க" என்றார். உட்காரவில்லை, வண்டிக்குத்தான் ஓடினேன்.

முழுசாகத் தப்பியது என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். தப்பவில்லை. திரும்பி வந்தபோது விருமாயி என் நாற்காலியில் அசையாமல் இருந்தார். இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் இருந்தன. முதல் வருடம் போய்விட்டது.

"மழை பொய்ச்ச வருசம்ண்ணே அது" என்றார். "மத்த ரெண்டு வருசமும் நல்லாப் பேஞ்சுச்சு. காய்ஞ்ச வருசத்துல மண்ணு என்ன செஞ்சுச்சுன்னு சொல்லத்தான் இந்த ஆராய்ச்சியே."

எனக்கு எதற்கும் ஒரு கேலி வாயில் தயாராக இருக்கும். அன்று இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். தலைப்பை மாற்றி, இருக்கிற இரண்டு வருடத்தை வைத்து, தவணைக்கு ஆறு மாதம் கழித்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். இப்போது ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறார். எதையும் மூன்று பிரதி எடுத்து வைப்பாராம். மூன்றில் ஒன்றுகூட எங்கள் மையத்தில் கிடையாது. சரியாகத்தான் செய்கிறார்.

அந்த வாரம் என்மேல் நடவடிக்கை வரும் என்று காத்திருந்தேன். வந்தது என் பழைய பதினொரு பக்க நோட். "மட்டும்" என்பதன் கீழே பழைய கோடு. "மின்னஞ்சல்" என்பதன் கீழே புதுக் கோடு. சார் வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதியிருந்தார்: "குரல்?"

அதிலிருந்து விதி மாறியது. யாருடைய லாகினையும் மூடுவதற்கு முன்னால் ஒரு மனிதர் அவருடைய சொந்த ஃபோனுக்குக் கூப்பிட்டு, அவர்தான் என்று தெரிந்துகொண்டு, விஷயத்தைச் சொல்லி, சரி என்ற பதிலைக் காதால் கேட்க வேண்டும். கேட்காதவரை எதுவும் அழியாது. அந்த வேலையைப் பாண்டியம்மாவிடம் கொடுத்தோம். அவர் கூப்பிட்டு, எந்தக் கல்லூரி, வழிகாட்டி யார், கடைசியாக மையத்துக்கு எப்போது வந்தாய், அன்று என்ன சட்டை என்பதுவரை கேட்பார். அதற்குப் பிறகு எங்களிடம் யாருடைய மழையும் அழியவில்லை.

போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே, உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"அண்ணே, மையத்துல இருந்து பாண்டியம்மா பேசுறேன். ஒங்க லாகினை மூடப் போறோம்."

"சரி பாண்டியம்மா, மூடிருங்க."

"பேசுறது நீங்கதானா?"

"என்ன, என் குரல் தெரியாதா?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீங்கதான்னு நான் எப்பிடி நம்புறது? முறைன்னா முறைதானண்ணே."

என்னிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறார் என்பது புரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்றார். கேட்டிருக்கும். இரண்டாம் முறை நான் சொன்னது டிரைவருக்கே கேட்டது. கண்டக்டர் என்னிடம் டிக்கெட்டை மரியாதையாக நீட்டினார்.

"சரிதாண்ணே" என்றார் பாண்டியம்மா. "எடுக்க வேண்டியது இருந்தா முப்பது நாளைக்குள்ள வந்து எடுத்துக்கங்க."

கட்டுரை கேட்டு வந்த இளையவர்களிடம் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, புது முறையில் இந்த ஃபோன் எப்படி என்று கேட்டேன். அது கிடையாது, பழைய பாணி, மனிதரை நம்பி நடக்கிற காரியம் என்றார்கள். பாண்டியம்மாவை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இனி எல்லாம் தானாக நடக்குமாம். முப்பது நாளில் எட்டு எச்சரிக்கை மின்னஞ்சல் போகுமாம். ஐந்தை எட்டு ஆக்கியிருக்கிறார்கள், அது முன்னேற்றம்தான்.

"எந்த மெயில் பெட்டிக்குத் தம்பி?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாசிட்டிவாக எழுதச் சொன்னவர் மெதுவாக எழுந்து, ஃபோனை எடுத்து யாருக்கோ அடித்துக்கொண்டே சந்தில் இறங்கினார். தறிச் சத்தத்தில் அவர் சொன்னது அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டாம் முறை கத்தித்தான் சொன்னார்.